கொடைக்கானலுக்கு வந்த சட்டசபை

கொடைக்கானலுக்கு மேற்கே, மேல்மலையில் கிளாவரைக்குப் போகும் வழியில் ஓர் ஓடை உண்டு. அதற்குப் பெயர்கூடக் கிடையாது. அதன் கரையில் அன்று காலை ஆள் உயரத்துக்குக் கல் அடுக்கியிருந்தது. பக்கத்தில் பட்டை உரித்த மரங்கள் வரிசையாகக் கிடந்தன. போன முறை நான் வந்தபோது அங்கே புல்லையும் அட்டையையும் தவிர ஒன்றும் இல்லை.

கல்லின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைக் கண்டதும் கம்பளியைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். இரண்டு கையாலும் கும்பிட்டார்.

"வாங்க எம்மெல்லேம்மா," என்றார்.

பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். கிராம சேவிகா கமலா மட்டும் காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரைச் சொல்றீங்க?"

"ஒங்களத்தேன். கொடைக்கானல் சட்டசபையில இந்த ஓடைக்குப் பாலம் கேட்டீகள்ல. மந்திரியும் குடுத்துர்றேன்னாருல்ல. அவரு கேட்ட கல்லச் சேத்தாச்சும்மா. இனி அவுக சோலிதேன் பாக்கி."

அவர் எந்தச் சட்டசபையைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. கையிலிருந்த குடை நழுவிக் கீழே விழுந்ததைக்கூடக் கமலா எடுத்துக் கொடுத்த பிறகுதான் பார்த்தேன்.

பெண் ஒருத்தி தேவை

பழனி அடிவாரத்தில் எங்கள் பஞ்சாமிர்தக் கடையை விட்டுவிட்டு நான் அரசாங்க வேலைக்கு மலையேறியதைப் போன வாரம் சொல்லியிருந்தேன். வேலையின் பெயர் முக்கிய சேவிகா. ஊர் ஊராக நடந்து கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்க வேண்டும், மாதர் சங்கம் நடத்த வேண்டும், சத்துமாவு கிண்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். "பஞ்சாமிர்தம் பெசஞ்சவளுக்கு மாவு கிண்டத் தெரியாதா," என்று அப்பா கேலி செய்வார்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. அந்தக் காலத்து அதிகாரிகளில் வயதானவர்களுக்குச் சட்டசபை என்றால் எரிச்சல். இளையவர்களுக்கு நடுக்கம். சென்னையிலிருந்து ஒரு கேள்வி வந்துவிட்டால் போதும், அலுவலகத்துக்கே குளிர்ஜுரம் கண்டுவிடும். பதிலை எப்படி எழுதுவது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு கிராமத்தில் மருத்துவச்சி இருக்கிறாரா என்று கேட்டிருந்தார்கள். எங்கள் பழைய மேனேஜர் எழுதிய பதில், "இருக்கிறார். சென்ற ஆண்டு காலமானார்." அது அப்படியே சென்னை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

இப்படிப்பட்ட பதில்களைப் படித்து நொந்துபோய்த்தான் மேலிடத்தில் ஒரு முடிவெடுத்தார்கள். அதிகாரிகளுக்குச் சட்டசபையைப் பற்றிப் பாடம் நடத்துவது. சீசன் இல்லாத மாசி மாதத்தில் கொடைக்கானலில் பங்களாக்கள் காலியாகக் கிடக்கும். குளிருக்குப் பயந்து யாரும் வகுப்பை விட்டு ஓட மாட்டார்கள் என்றும் நினைத்திருக்கலாம்.

பாடம் நடத்த வந்தவர் ஆராவமுதன். சட்டசபை அலுவலகத்தில் வெகுகாலம் இருந்து ஓய்வு பெற்றவர். சென்னை உடம்பு, கொடைக்கானல் குளிர் தாங்கவில்லை. குரங்குக் குல்லாய் போட்டு, அதன் மேல் மப்ளர் சுற்றி, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய நிற்பார். வெறும் பாடம் போதாது, மாதிரிச் சட்டசபை ஒன்றை நடத்திக் காட்டினால்தான் இவர்கள் தலையில் ஏறும் என்று சொல்லிவிட்டார்.

சட்டசபை என்றால் பெண் ஒருத்தியாவது வேண்டுமே. வந்திருந்த அதிகாரிகள் எல்லோரும் ஆண்கள். அதனால் பக்கத்து அலுவலகத்தில் சத்துமாவுக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு எதிர்க்கட்சிப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எங்கள் வட்டார அலுவலகத் தலைவர் பி.டி.ஓ. நடராஜன் மந்திரி ஆனார். அவருக்கு நல்ல வெண்கலக் குரல். மனசு மட்டும் வெண்ணெய், யாராவது முகத்தைத் தொங்கப்போட்டால் தாங்க மாட்டார்.

ஆராவமுதன் ஒரு சட்டம் போட்டார். மண்டபத்துக்குள் எல்லோரும் கனம் அங்கத்தினர்கள், கனம் மந்திரிகள். சார் கிடையாது, அண்ணே கிடையாது. சிரித்தால் வெளியே போக வேண்டும்.

வெளியே அப்படிக் குளிர். ஒருவரும் சிரிக்கவில்லை.

எழவில்லை

முதல் நாள் பாடமே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கேள்விகள் (அ), (ஆ), (இ) என்று வரும். பதிலும் அப்படியே போகும். "இன்ன ஊரில் பாலம் இல்லாதது அரசுக்குத் தெரியுமா?" என்பது (அ). "எப்போது கட்டப்படும்?" என்பது (ஆ). (அ)-வுக்குத் தெரியாது என்று பதில் சொல்லிவிட்டால், (ஆ)-வுக்கு என்ன எழுத வேண்டும் என்று ஆராவமுதன் கேட்டார். எல்லோரும் விழித்தோம்.

கரும்பலகையில் ஒரே வார்த்தை எழுதினார். "எழவில்லை."

அதாவது, முதல் கேள்விக்கே இல்லை என்றான பிறகு இரண்டாவது கேள்விக்கு இடமில்லை. அந்தக் கேள்வி எழவே இல்லை. எல்லோரும் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"பாலமும் எழாது, கேள்வியும் எழாதுங்களா?" என்று கேட்டேன்.

"கனம் அங்கத்தினர் உட்கார வேண்டும்," என்றார்.

அடுத்த பாடம் உறுதிமொழி. மந்திரி 'பரிசீலிக்கப்படும்' என்று சொன்னால் பரவாயில்லை, 'செய்யப்படும்' என்று சொன்னால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். சபையில் கொடுத்த வாக்கைக் கவனிப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. நிறைவேற்றும் வரை விடாது. ஆகவே மந்திரிக்குப் பதில் எழுதிக் கொடுக்கும் அதிகாரி ஒருகாலும் 'செய்யப்படும்' என்று எழுதிவிடக் கூடாது. இதைச் சொல்லும்போது அவர் குல்லாயைக் கழற்றிவிட்டார். அவ்வளவு முக்கியமான விஷயம்.

பின்வரிசை பெஞ்சு

மாதிரிச் சட்டசபை நடந்த அன்று காலையில் மூடுபனி மண்டபத்து வாசல் வரைக்கும் வந்து நின்றது. டீ கொண்டு வந்தவர் கடைவீதி காதர் ராவுத்தர். அவருக்குப் பின்னால் கம்பளி போர்த்திய ஆட்கள் சிலர் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். மேல்மலையிலிருந்து பூண்டு மூட்டையோடு சந்தைக்கு வந்தவர்கள்.

"உள்ள என்ன பாய் நடக்கு?" என்று ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது.

"மெட்ராசு சட்டசபை இங்க வந்து கெடக்கு. மந்திரி பேசப் போறாரு. சத்தங்காட்டாம நில்லுங்க," என்றார் ராவுத்தர்.

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் வெயில் வந்தால் அரசாங்கமே பெட்டி படுக்கையோடு ஊட்டிக்கு ஏறிவிடும் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். ஊட்டிக்குப் போனது கொடைக்கானலுக்கு வராதா என்ன.

ஆராவமுதன் அவர்களைப் பார்த்தார். துரத்திவிடுவார் என்று நினைத்தேன். மாறாக அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சபை என்றால் பார்வையாளர் வேண்டும், வரட்டும் என்று கையைக் காட்டிப் பின்வரிசை பெஞ்சில் உட்கார வைத்தார்.

என் முறை வந்தது. கேள்வியை நானே யோசித்துக் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. முந்தின வாரம்தான் கிளாவரை ஓடையில் இடுப்பு வரை நனைந்து, நடுங்கிக்கொண்டு முகாமுக்குப் போயிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் காயவில்லை.

"கிளாவரை ஓடையில் மழைக்காலத்தில் கர்ப்பிணிகளைக் கடத்த முடியாமல் இருப்பது அரசுக்குத் தெரியுமா?"

நடராஜன் எழுந்தார். "பரிசீலனையில் இருக்கிறது," என்றார், பாடத்தில் சொன்னபடியே.

நான் விடவில்லை. துணைக் கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டு. "கனம் மந்திரி அவர்களுக்கு ஒரு மகள் இருந்து, அவளை டோலியில் தூக்கி வந்து, ஓடையில் வெள்ளம் போனால், கரையில் வைத்துக்கொண்டு எதைப் பரிசீலிப்பார்?"

நடராஜனுக்கு நிஜமாகவே இரண்டு மகள்கள். அவருக்கு முகம் சிவந்தது, குரல் உயர்ந்தது, மந்திரி என்பதும் பாடம் என்பதும் மறந்துபோயிற்று.

"வருகிற மழைக்கு முன்னால் அந்த ஓடையில் பாலம் கட்டப்படும். மக்கள் கல்லும் மரமும் சேர்த்துக் கொடுக்கட்டும். மற்றதை அரசு செய்யும்."

ஆராவமுதன் மேஜையைத் தட்டினார். தட்டின வேகத்தில் டீ கொட்டியது.

"பார்த்தீர்களா? கனம் மந்திரி உறுதிமொழி கொடுத்துவிட்டார். சபையில் விழுந்த வார்த்தை. இனி திரும்பப் பெற முடியாது. நிறைவேற்றியே தீர வேண்டும்."

எங்களுக்கு அது எச்சரிக்கை. பின்வரிசை பெஞ்சில் இருந்தவர்களுக்கு அது தீர்ப்பு. அவர்கள் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே போனதைப் பார்த்தேன். மரியாதை தெரிந்த மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓடைக்கரையில்

அந்தப் பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர்தான் இப்போது என் முன்னால் நின்ற வேலுச்சாமி.

"பூண்டுக் காட்டுச் சோலியெல்லாம் போட்டுட்டு ஊரே கல்லு தூக்குச்சும்மா," என்றார். "ஏத்தா பேச்சி, அம்மாவுக்குக் காப்பி கொண்டா."

பேச்சி அவர் மகள். முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள், ஐந்தாவது மாதம். கருப்பட்டிக் காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தாள். நான் அவள் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவ ஆத்தாள இந்தக் கரையிலதேன் விட்டுட்டேன்," என்றார் வேலுச்சாமி. குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "ரெண்டாவது பேறு. டோலியில கொண்டாந்தோம். ஓடயில வெள்ளம், கடக்க விடல. வெள்ளனே வந்தோம், பொழுது சாயுறவரைக்கும் பாத்துக்கிட்டே நின்னோம்."

பேச்சியை முன்கூட்டியே ஓடையைத் தாண்டிப் பூம்பாறையில் யார் வீட்டிலாவது கொண்டுபோய் விடலாமே என்று கேட்டேன்.

"எந் தங்கச்சி வீடு அங்கதான் இருந்துச்சு. அங்கதேன் விடணும்னு நெனச்சிருந்தேன். மந்திரியே சொன்னப்பறம் என்னத்துக்குன்னு இருந்துட்டேன். இப்ப அவளும் வத்தலக்குண்டுப் பக்கம் பொழைக்க எறங்கிட்டா. அதனால என்னம்மா, அதேன் பாலம் வருதுல்ல."

அது நடிப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். எப்படிச் சொல்வது? நீங்கள் கல் சுமந்தீர்களே, அது ஒரு பாடத்துக்கு என்று எப்படிச் சொல்வது? வெரசா வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, மழை பிடிக்காமலே குடையை விரித்துக்கொண்டு நடந்தேன்.

சொன்ன வாய்

நடராஜன் சாரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே தட்டில் நின்றுவிட்டது.

"நெசமாவா? கல்லா?"

"ஆள் உயரத்துக்கு, சார்."

"அது நான் சொன்னதில்லையேம்மா. மந்திரி சொன்னது."

அவருக்கே அது எப்படி ஒலித்தது என்று தெரிந்துவிட்டது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். போய் உண்மையைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று மறுநாளே என்னோடு கிளம்பினார். மன்னவனூர் வரைக்கும் ஜீப், அதற்கு மேல் நடை. வழி முழுவதும் என்ன சொல்ல வேண்டும் என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஓடைக்கரையில் ஊரே நின்றது. யாரோ சாமந்தி மாலை கட்டி வைத்திருந்தார்கள். "மந்திரி வந்துட்டாரு, மந்திரி வந்துட்டாரு" என்று பிள்ளைகள் ஓடினார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் மாலையைக் கழுத்தில் வாங்கவில்லை. கையில் வாங்கிக்கொண்டார். "நான் மந்திரி இல்லீங்க. பி.டி.ஓ. இவுகளும் எம்.எல்.ஏ. இல்லை. அன்னைக்கு நடந்தது சட்டசபை இல்லீங்க. எங்களுக்கு ஒரு படிப்பு. நாடகம் மாதிரி," என்றார். அந்த வெண்கலக் குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

கோபப்படுவார்கள், திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பேச்சி முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்துவிட்டாள்.

வேலுச்சாமி மெதுவாகக் கேட்டார். "நாடகம்னா யாராச்சும் சிரிப்பாகள்ல. ஒருத்தரும் சிரிக்கலையே?"

நடராஜன் மாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"அந்தக் குல்லாக்காரப் பெரியவரு மேசயத் தட்டிச் சொன்னாரே. சொன்னா நெறவேத்தியே தீரணும்னு. அதுவும் நாடகமா?"

"இல்லீங்க," என்றார் நடராஜன். "அது மட்டும் நெசம்."

"அப்ப நீங்க மந்திரியா இருந்தா என்ன, யாரா இருந்தா என்ன? சொன்ன வாய் இதுதான?"

அந்த இடத்திலேயே மழை பெய்து என்னை ஓடை இழுத்துக்கொண்டு போயிருந்தால் தேவலை என்றிருந்தது. நடராஜன் கையிலிருந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கொண்டுபோய்க் கல் அடுக்கின் மேல் வைத்தார். "ஆமா. இதேதான்," என்றார்.

சுற்றுச்சுவர்

எங்கள் அலுவலகத்துக்குச் சுற்றுச்சுவர் கட்ட அப்போது சிமென்ட் வந்து இறங்கியிருந்தது. இன்றைக்குப் போலக் கடையில் போய் வாங்குகிற பொருளில்லை, பெர்மிட் போட்டுக் காத்திருந்து வாங்க வேண்டும். சுவருக்கென்று வந்ததை வேறு எதற்கும் தொடக் கூடாது. மாடு உள்ளே வராமல் இருக்கத்தான் சுவர். மலையில் மாடு எங்கள் அலுவலகத்துக்கு வந்ததே கிடையாது.

பாலத்துக்கு அனுமதி கேட்டு நடராஜன் மேலே எழுதினார். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுநாள் சிமென்ட் மூட்டைகள் மட்டக்குதிரைகளின் முதுகில் ஏறி மேல்மலைக்குப் போயின.

கொத்தனாரை அழைத்து வந்தது காதர் ராவுத்தர். "நாந்தான அவுகளுக்குச் சட்டசபைன்னு சொன்னது. எனக்கும் பங்கு உண்டும்மா," என்றார்.

ஆனி மாதக் கடைசியில் பாலம் முடிந்தது. இரண்டு பக்கமும் கல் கட்டி, மேலே மரம் போட்டு, ஒரு டோலியும் அதைத் தூக்குகிற ஆட்களும் போகிற அகலம். ஆடியில் மலையாளத்துப் பக்கமிருந்து மழை வந்து அடித்த அடியில் ஓடை பாலத்தை நக்கிக்கொண்டு ஓடியது. அந்த மழையில்தான் பேச்சிக்கு வலி கண்டது. டோலியோடு நானும் நடந்தேன். பாலத்தின் மேல் வந்தபோது வேலுச்சாமி ஒரு நொடி நின்றார். பிறகு நடந்தார். மன்னவனூரிலிருந்து ஜீப். கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. ஆத்தாளும் பிள்ளையும் சுகம்.

இதோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

(அ) ஆம்

சில மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. இந்த முறை நிஜமான சட்டசபை. கேட்டவரும் நிஜமான அங்கத்தினர். வேறு எங்கோ ஒரு பெரிய ஊரின் பிரதிநிதி, கிளாவரை எந்தத் திசையில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

(அ) அலுவலகச் சுற்றுச்சுவருக்கென ஒதுக்கப்பட்ட சிமென்ட் வேறு பணிக்குப் பயன்படுத்தப்பட்டது உண்மையா? (ஆ) உண்மையெனில், யாருடைய அனுமதியின் பேரில்? (இ) சம்பந்தப்பட்ட அலுவலர் மீது என்ன நடவடிக்கை?

கேள்விக்கு விவரம் எழுதி அனுப்ப வேண்டியது எங்கள் அலுவலகம். அதாவது நடராஜன்.

"(அ)-வுக்கு 'இல்லை'ன்னு போட்டுருங்க சார். சுவரைப் பெறகு எப்படியாச்சும் கட்டிக்கலாம்," என்றேன். "மத்த ரெண்டும் எழாது. அதான சார் நமக்குச் சொல்லிக் குடுத்தாக?"

அவர் பேனாவில் மை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"சபைக்குப் போற பதில்ல பொய் எழுதக் கூடாதும்மா. அதையும் அதே ஆளுதான் சொல்லிக் குடுத்தாரு."

(அ) ஆம். (ஆ) அனுமதி பெறப்படவில்லை. அவ்வளவுதான் எழுதினார். பாலத்தைப் பற்றி ஒரு வரி சேர்க்கும்படி கெஞ்சினேன். கேட்காததற்குப் பதில் எழுதுகிற வழக்கம் இல்லை என்றார். (இ)-யை மேலிடத்தில் எழுதிக்கொள்வார்கள் என்று காலியாக விட்டார்.

மேலிடத்தில் எழுதினார்கள். சபையில் மந்திரி எழுந்து அதைப் படித்தார். நிஜமான மந்திரி, நிஜமான சபையில். (இ) நடவடிக்கை எடுக்கப்படும்.

'பரிசீலிக்கப்படும்' இல்லை. 'எடுக்கப்படும்'.

பொங்கலுக்கு முன்பே நடராஜனைப் பதவியில் ஒரு படி இறக்கி, கண்காணாத ஜில்லாவுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு மகள்களையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அவர் போனதை நின்று பார்த்தேன். எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை. சுற்றுச்சுவரைக் கட்டுவதற்கு மறுபடியும் சிமென்ட் வந்தது.

தை மாதச் சந்தைக்கு வேலுச்சாமி வந்தார். பிள்ளையைக் கம்பளிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு பேச்சியும் வந்தாள். நேராக அலுவலகத்துக்கு வந்து நடராஜனின் அறையை எட்டிப் பார்த்தார். அங்கே வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மா நம்ம மந்திரி? பிள்ளயக் காட்டிட்டுப் போகலாம்னு வந்தோம்."

"மாத்திட்டாகங்க."

"யாரு மாத்துனது?"

"சட்டசபையில கேட்டாக. நடவடிக்க எடுக்குறோம்னு மந்திரி வாக்குக் குடுத்துட்டாரு."

அவர் அந்த அறையை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். "எந்தச் சட்டசபை? நம்ம சட்டசபையா?"

"இல்லீங்க. மெட்ராஸ்ல இருக்குறது. நெசமானது."

"அங்கயும் சொன்னா நெறவேத்தியே தீரணுமா?"

"ஆமாங்க," என்றேன். "வெரசா நெறவேத்திட்டாக."